மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்காதே

காத்திருப்பது எனக்கு வராது. பிறவிக் குணம், மாற்ற முடியவில்லை. பஸ் வர ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். பாதி வழியில் அதே பஸ் என்னைத் தாண்டிக்கொண்டு போகும். தோசை வேகுமுன் திருப்பிக் கிழித்துவிடுவேன். யாராவது யோசித்து யோசித்துப் பேசினால் அவர்கள் வாக்கியத்தை நானே முடித்துவைப்பேன், பெரும்பாலும் தப்பாக. என் கணவர் சேலையூரில் ஒரு பள்ளியில் வாத்தியார், நிதானத்துக்குப் பேர் போனவர். "ஜெபம் முடியறதுக்கு முன்னாடியே ஆமென் சொல்ற ஆளு நம்ம சபையிலயே நீ ஒருத்திதான்" என்பார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் என் நாற்பத்தாறு வயதும் ஓடியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருத்தியைப் பிடித்து, ஒரு மிஷின் இன்னொரு மிஷினின் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று முடிவு செய்யச் சொன்னார்கள். நானும் செய்தேன். அதனால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மொத்தம் ஐந்து பேர். நாங்கள் செய்வது மெசேஜிங் லைப்ரரி. லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். மற்ற புரோகிராமர்கள் தங்கள் புரோகிராமுக்குள் எடுத்து வைத்துக்கொள்கிற ரெடிமேட் பாகம், அவ்வளவுதான். இந்த மிஷினிலிருந்து அந்த மிஷினுக்குச் செய்தி கொண்டுபோகும், பதில் கொண்டுவரும். அதற்குள் ஒரு பகுதி உண்டு. இங்கிருந்தபடியே தூரத்தில் இருக்கும் மிஷினைக் கூப்பிட்டு "இந்த வேலையைச் செய்" என்று சொல்லும். செய்து முடித்தாயா என்று பதிலுக்கு நிற்கும். எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடி அக்கா கயிற்றில் பையைக் கட்டி இறக்கி, "அண்ணா, ஒரு பால் பாக்கெட்!" என்று கீழே கடைக்குக் குரல் கொடுப்பார். கடைக்காரர் போட்டதும் பையை மேலே இழுப்பார். அதே வேலைதான்.

பழைய முறையில், குரல் கொடுத்த மிஷின் பதில் வரும்வரை நிற்கும். எவ்வளவு நேரமானாலும் நிற்கும். பதிலே வராவிட்டால் பைத்தியக்காரி மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காட்டாங்குளத்தூரில் டோக்கன் மிஷின் செய்து விற்கும் ஒருவர் எங்கள் லைப்ரரியைத்தான் வாங்கிப் பயன்படுத்தினார். கிளினிக், சர்வீஸ் சென்டர் என்று பல இடங்களில் அவர் மிஷின் ஓடியது. "மேடம், அப்பப்ப ஹேங் ஆகி நின்னுடுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் வருது. கஸ்டமர் திட்டறாங்க" என்று வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்வார்.

எங்கள் முதலாளி என்னைவிடப் பத்து வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அந்தக் கூப்பிடற பகுதி, அந்த 'கால்' இன்டர்ஃபேஸை மாத்திடுங்கக்கா" என்றார். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைத்த மாதிரி. உட்கார்ந்து மாற்றினேன். மூன்று விநாடி பார். பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடு. அதற்கும் வராவிட்டால் இன்னும் ஒரு முறை. ஏன் மூன்று விநாடி என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஐந்து என்று முதலில் அடித்தேன். ஐந்து விநாடி எண்ணிப் பார்த்தேன். நீளமாகப் பட்டது. மூன்று ஆக்கினேன்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அது எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். மாடி அக்கா குரல் கொடுத்தது கடைக்காரர் காதில் விழுந்திருக்கும், பாக்கெட்டை எடுக்கத்தான் உள்ளே போயிருப்பார். அதற்குள் இவர் அவசரப்பட்டு மறுபடி கத்தினால், பையில் இரண்டு பாக்கெட் வரும். அதைத் தடுக்க ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால், "இது பழைய ஆர்டர்தான்" என்று எதிர்ப்பக்கம் புரிந்துகொள்ளும்.

எண் கட்டாயம் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். முதலாளி பின்னால் வந்து நின்றார். "கட்டாயம்னு வச்சா எல்லாரும் பழைய புரோகிராமைத் திருத்தணும்க்கா. ஒருத்தரும் அப்டேட் பண்ண மாட்டாங்க. விருப்பம்னா குடுக்கட்டும், இல்லாட்டி போகட்டும்." அது தப்பு என்று எனக்குத் தெரியும். வாதாட அரைமணி நேரம் ஆகும். அதற்குள் வேலையையே முடித்துவிடலாமே என்று சரி சொன்னேன். கூடவே போகும் குறிப்பில் ஒரு வரி எழுதினேன்: எண் இல்லாமல் அழைத்தால் ஒரே வேலை இருமுறை நடக்கக்கூடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை யார் படிக்கிறார்கள்? இதையும் யாரும் படிக்கவில்லை.

டோக்கன்காரர் போன் செய்வது நின்றது. நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வலது தோள் இறுகிப்போனது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, தலை பின்ன முடியாது, ஸ்கூட்டரைத் திருப்பினால் உயிர் போகும். கேம்ப் ரோட்டில் ஓர் எலும்பு டாக்டரிடம் போக ஆரம்பித்தேன். கீழே மருந்துக்கடை, மேலே கிளினிக். மாலை ஐந்து மணிக்குத் திறந்தால் ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் நம்பர் காட்டும் ஸ்க்ரீன். ஒரு பெண் குரல் "டோக்கன் எண்" என்று அறிவிக்கும். வாசலோரம் மேஜையில் ரிசப்ஷன் பெண். முப்பது வயதிருக்கும், அகரம்தென் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் கையில் சிலேட்டு மாதிரி ஒரு சின்ன டேப். அதில் "அடுத்தது" என்று ஒரே ஒரு பட்டன். முந்தின நம்பருக்குத் திரும்பிப் போகும் பட்டன் கிடையாது. ஆள் பார்த்து உள்ளே விடக்கூடாது என்று டாக்டரின் மனைவி அதை எடுக்கச் சொல்லிவிட்டாராம். நிர்வாகமெல்லாம் அவர்தான். நம்பர் வரும்போது ஆள் இல்லாவிட்டால் கடைசியில்தான் பார்ப்பார்கள் என்று சுவரில் ஒட்டியிருந்தது. டீ குடிக்கப் போய்விட்டு வந்து சண்டை போடுகிறவர்களுக்காக.

ஒரு திங்கட்கிழமை. என் டோக்கன் பதினேழு. ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து, எழுந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்து, ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தில் எல்லா எலும்பையும் எண்ணி முடித்துவிட்டேன். பதினாறு வெளியே வந்தார். நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். ஸ்க்ரீன் கொஞ்சம் யோசித்தது. "டோக்கன் எண் பதி..." என்று குரல் ஆரம்பித்துப் பாதியில் வெட்டிக்கொண்டு, "டோக்கன் எண் பதினெட்டு" என்றது. மணிக்கட்டில் கட்டுப் போட்ட ஒரு பெண்மணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! நேரே மேஜைக்குப் போனேன்.

"என்னம்மா இது? பதினாறுக்கு அப்புறம் பதினெட்டா? உனக்கு எண்ணத் தெரியாதா?"

"மேடம், நான் ஒரு தபாதான் அமுக்கினேன். அதுவே போயிட்ச்சு."

"அதுவே எப்படிப் போகும்? மிஷினுக்குக் கால் முளைச்சிருக்கா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒருவர், "போன வாரம் என் நம்பரும் இப்படித்தான் தாண்டிச்சு" என்றார். இன்னொருவர், "ஆளு தெரிஞ்சா உள்ள வுடுவாங்க சார், இது தெரியாதா" என்றார். கட்டுப் போட்ட பெண்மணிக்கு இதே பெண்ணின் தெருதான் என்று ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது.

"ஓ, அப்படியா சேதி? உன் தெருக்காரங்கன்னா நம்பர் தானா தாவிடும், இல்ல?"

அவர் முகம் சிவந்து, கண் மேஜையைப் பார்த்தது. "கடைசீல அனுப்பறேன் மேடம். ரூல் அதான்" என்று மெதுவாகச் சொன்னார். புகார்ப் புத்தகத்தைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார், பேனாவும் கொடுத்தார்.

ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எனக்குத்தான் எழுத வருமே! "நான் கம்ப்யூட்டர் துறையில் இருபது வருடமாக வேலை செய்பவள். இயந்திரம் தானாக எண்ணைத் தாண்டாது. தாண்டினால், தாண்ட வைத்தவர் ஒருவர் இருக்கிறார்" என்று முடித்து, கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். என் இருபது வருட அனுபவத்தில் அவ்வளவு சரியான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது.

கடைசிவரை உட்கார வேண்டும். கோபத்தில் வேறு எதையும் பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பெண்ணின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று எண்ணம். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று சரியாகப் போயின. இருபத்தொன்று எக்ஸ்ரே கவரோடு உள்ளே போனார். அவர் வெளியே வந்ததும் இந்தப் பெண் பட்டனை அழுத்தினார். ஒரு முறை. ஒரே முறை. விரலை எடுத்துவிட்டார். ஸ்க்ரீன் அப்படியே நின்றது. நான் என் பழக்கப்படி உள்ளுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இன்னும் ஒரு விநாடி. இருபத்திரண்டு மின்னி மறைந்து இருபத்துமூன்று வந்தது.

எழுந்து ஸ்க்ரீன் பக்கம் போனேன். ஸ்க்ரீனுக்குக் கீழே பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அப்போதுதான் பார்த்தேன். காட்டாங்குளத்தூர் டோக்கன்காரரின் ஸ்டிக்கர்.

இருபத்திரண்டு ஒரு பெரியவர். டோக்கனைப் பார்த்தார், ஸ்க்ரீனைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஹாலே அந்தப் பெண்ணை முறைத்தது.

என் முறை வந்து உள்ளே போனபோது டாக்டர் என் எக்ஸ்ரே படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். திரை உறைந்து நின்றது. "படம் தெறந்தா இது கொஞ்சம் மக்கர் பண்ணும். வெளிய நம்பர் போடறதும் இதேதான்" என்றார். எல்லாம் விளங்கிவிட்டது. எக்ஸ்ரே திறந்திருக்கும்போது இந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்ல நாலைந்து விநாடி எடுக்கிறது. பழைய முறையில் அந்த டேப் பேசாமல் நிற்கும், யாருக்கும் எதுவும் கெட்டுப்போகாது. இப்போது மூன்று விநாடியில் பொறுமை இழந்து மறுபடி "அடுத்தது" என்று கத்துகிறது. கம்ப்யூட்டர் இரண்டையும் தனித்தனி ஆர்டராக எடுத்துக்கொள்கிறது. டேப்புக்குள் உட்கார்ந்துகொண்டு நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தேன். அந்தப் பெண் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வாங்க மேடம்" என்றார், மரியாதையாக. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அதே வாய்க்கு ஒரு தடையும் இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குத் தைரியமும் மட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக டோக்கன்காரருக்குப் போன் செய்தேன். "சூப்பரா ஓடுது மேடம்! எல்லா எடத்துலயும் புதுசு போட்டாச்சு. ஹேங்கே ஆகறதில்ல" என்றார். ஒவ்வொரு அழைப்புக்கும் எண் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "எந்த எண்ணு மேடம்?" என்றார்.

இரண்டு நாளில் திருத்தினேன். எண்ணை யாரும் கொடுக்க வேண்டியதில்லை, லைப்ரரியே கொடுத்துக்கொள்ளும்; எதிர்ப்பக்கம் அதைப் பார்த்து, இரண்டாம் முறை வந்ததைத் தள்ளிவிடும். முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். யோசிக்க ஒரு மத்தியானம் போதும், அந்த ஒரு மத்தியானத்தை நான் கொடுக்கவில்லை. வியாழக்கிழமைக்குள் டோக்கன்காரர் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டார்.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றார், மெய்யாகவே. பிறகு, "சரியாயிடுச்சுல்லக்கா? விடுங்க. கேட்டா நெட்வொர்க் ப்ராப்ளம்னு சொல்லிடலாம். எழுத்துல மட்டும் எதுவும் குடுத்துடாதீங்க" என்றார். எங்கள் தொழிலில் நெட்வொர்க் மாதிரி ஒரு நல்ல ஆள் கிடையாது. எந்தப் பழியைப் போட்டாலும் தாங்கும், திருப்பிக் கேட்காது. நானே எத்தனை முறை போட்டிருக்கிறேன்!

விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். விட முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன். ராஜகீழ்ப்பாக்கம் போக வேண்டியவள் வண்டியை வேளச்சேரி ரோட்டில் திருப்பாமல் நேரே போய்விட்டேன். அந்தப் பெண்ணை ஹாலே முறைத்தது கண்ணிலேயே நின்றது. சரிசெய்தாகிவிட்டது, இனி நம்பர் தாண்டாது, அவரை யாரும் திட்ட மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவரிடம் சொன்னபோது அவர் வழக்கம்போல நிதானமாகக் கேட்டார். "மிஷினைச் சரி பண்ணிட்ட. நீ எழுதின பக்கத்தை என்ன பண்ணப் போற?" என்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாத்திரம் துலக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை கிளினிக் பக்கம் போனேன். படியேறி ஹாலை எட்டிப் பார்த்தேன். மேஜையில் வேறொரு பெண். கீழே வந்து மருந்துக்கடைக்காரரிடம், வலி மாத்திரை வாங்குகிற சாக்கில், பழைய ரிசப்ஷன் பெண் லீவா என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? புதன்கெழமையே நிறுத்திட்டாங்க மேடம். ஆளு பாத்து உள்ள வுடுதுன்னு கம்ப்ளெயின்ட்டு. முன்னாடியும் ரெண்டு மூணு பேரு சொல்லிகினுதான் இருந்தாங்க, டாக்டர் வூட்டு அம்மா நம்பல. இப்ப யாரோ கம்ப்யூட்டர் மேடமாம், பக்காவா எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கு மேல இன்னா பண்ணுவாங்க?"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மாத்திரையை மேஜையிலேயே விட்டுவிட்டு மறுபடி படியேறினேன்.

டாக்டரின் மனைவி உள் அறையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. "வாங்க. நடவடிக்கை எடுத்துட்டோம். உங்களுக்கு அன்னிக்கு ரொம்ப சிரமமாயிடுச்சு" என்றார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, மூன்று விநாடி, இரண்டாவது அழைப்பு, விருப்பம் என்று வைத்த எண், யாரும் படிக்காத குறிப்பு, எல்லாம். நெட்வொர்க் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீங்கதானே எழுதினீங்க, இயந்திரம் தானா தாண்டாதுன்னு?"

"ஆமா."

"மூணு வருஷமா இங்க இருந்தவ. ஒரு தடவைதான் அழுத்தினேன்னு அழுதுகிட்டே சொன்னா. எனக்கே சந்தேகமாத்தான் இருந்தது. அப்புறம் உங்க பேப்பரைக் காட்டினேன். கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களே எழுதியிருக்காங்க பாருன்னு. அதைப் படிச்சதும் பையை எடுத்துட்டுப் போயிட்டா."

நான் புகார்ப் புத்தகத்தைக் கேட்டேன். என் பக்கத்தில், நான் இழுத்த கோட்டுக்குக் கீழே, எழுதினேன்: இதில் உள்ளது தவறு. எண்ணைத் தாண்ட வைத்தது நான் எழுதிய புரோகிராம். ரிசப்ஷனில் இருந்தவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

டாக்டரின் மனைவி அங்கேயே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார், மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். "அந்த மேடமே இங்க இருக்காங்க, பேசு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த மௌனத்தை எதையாவது போட்டு நிரப்பிவிட வேண்டும் என்று துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கூப்ட்டதுக்கு தேங்ஸ் மேடம்" என்றார் கடைசியில். "வேலைக்கு வரேன். எனக்கு வேல வோணும். ஆனா நீங்க அன்னிக்கு ஹால்ல வச்சுதானே பேசினீங்க? போன்ல சொன்னா எனக்கு மட்டுந்தான் தெரியும். ஹால்ல வச்சு சொல்லணும். எங்க தெரு முழுக்க இன்னா பேசிகினு கீறாங்க தெரியுமா உங்களுக்கு? கட்டு போட்டுகினு வந்தாங்களே, அந்த அக்கா என்னால பேரு கெட்டுச்சுன்னு எங்கூட பேசறதேயில்ல."

"சொல்றேன்" என்றேன்.

"திங்கக்கெழம ஆறு மணிக்கு வாங்க. அப்பதான் கூட்டமா இருக்கும். அந்த அக்காவையும் வரச் சொல்றேன்."

சனிக்கிழமை முதலாளியிடம் சொன்னபோது, "எழுதிக் குடுத்தீங்களா? அக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கத்தினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கத்தட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த இரண்டு நாளும் எனக்குத் திங்கட்கிழமையைத் தவிர வேறு நினைப்பில்லை.

திங்கட்கிழமை ஆறு மணி. ஹால் நிறைந்திருந்தது, சிலர் சுவரோரம் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் தன் நாற்காலியில் இருந்தார். கட்டுப் போட்ட பெண்மணி முன் வரிசையில், அவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நான் டோக்கன் வாங்கிக்கொண்டு ஹாலின் நடுவில் போய் நின்றேன். சபையில் வேதபாடம் வாசிக்க எழுந்து பழக்கமுண்டு. இது வேறு மாதிரி இருந்தது.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க. போன திங்கக்கிழமை இவங்க ஆள் பார்த்து உள்ள விடறாங்கன்னு இங்க நின்னு கத்தினேன். அது பொய். நம்பர் தாண்டினதுக்குக் காரணம் நான் எழுதின புரோகிராம். இவங்க ஒரு தடவைதான் அழுத்தினாங்க, என் கண்ணாலயே பார்த்தேன். அந்த அக்காவுக்கும் இதுல ஒரு சம்பந்தமும் இல்லை. இவங்ககிட்டயும் அந்த அக்காகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சிலர் பார்த்தார்கள். சிலர் போனிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. சுவரோரம் நின்ற ஒருவர், "அதெல்லாம் சரிம்மா, இப்ப எத்தினியாவது நம்பர் போவுது?" என்றார். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. கட்டுப் போட்ட பெண்மணி திரும்பி, அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல அந்தப் பெண்ணைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்து நான் நாற்காலி தேடினேன்.

"மேடம்" என்று அந்தப் பெண் கூப்பிட்டார். எழுந்து நின்றிருந்தார். "மிஷின் மேல எனக்கு கோவம் இல்ல மேடம். அது தெரியாம பண்ணுது. நீங்க அன்னிக்குப் பேசினப்ப நான் ஒரு வார்த்த திருப்பிச் சொல்லாம நின்னேன் பாருங்க, அதான் எனக்கு ஆறல. வூட்டுக்குப் போனா அதே நெனப்பு. சோறு எறங்கல. இப்ப சொல்லிக்கட்டா?"

ஹாலில் போன்கள் எல்லாம் கீழே இறங்கின. "சொல்லுங்க" என்றேன்.

"இன்னா நெனச்சுகினு பேசினீங்க அன்னிக்கு? எண்ணத் தெரியாதான்னு கேட்டீங்க. நான் பன்னண்டாவது பாஸ் பண்ணவ. மூணு வருசமா இந்த சேர்ல குந்திகினு கீறேன், ஒரு நாளு ஒருத்தர் நம்பரை மாத்தினதில்ல. எங்க மாமியாருக்குக் காலு வீங்கினப்ப, டோக்கன் போட்டு நாப்பத்தி மூணாவது ஆளாத்தான் உள்ள அனுப்பினேன். கேட்டுப் பாருங்க. நீ, வா, போன்னு பேசினீங்க. எங்கூட்டுக்காரரு கூட நாலு பேரு எதிர்ல என்னை அப்டி பேசினதில்ல. ஒரு தபாதான் அமுக்கினேன், ஒரு தபாதான் அமுக்கினேன்னு நான் சொல்லிகினே கீறேன், நீங்க ஜனத்தைச் சிரிக்க வச்சுகினு கீறீங்க. படிச்சவங்கதானே? அந்த மிஷினே உங்களுதுதானே? ஒரு நிமிசம் நின்னு பாத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது? ஒரே ஒரு நிமிசம். அது கூட நிக்க முடியலியா உங்களால?"

குரல் உடைந்துவிட்டது. எனக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

"முடியல" என்றேன். "என்னால முடியல."

அவர் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டேப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, குந்துங்க மேடம்" என்றார். "உங்களுக்கு முன்னாடி இருவத்தி ரெண்டு பேரு கீறாங்க."